சர்க்கரையைக் குறைத்தால் இதயம் பிழைக்குமா?

சர்க்கரை நோய் என்றதும் கால் புண், கண் பார்வை, கிட்னி இவைதான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் சர்க்கரை நோயாளிகளின் உயிரை அதிகம் எடுத்துக்கொண்டு போவது இவை எதுவும் இல்லை, இதயம்தான். ஏற்கனவே இதய நோய் இருப்பவருக்குச் சர்க்கரையும் சேர்ந்துகொண்டால், மாரடைப்பு மறுபடி வருமா, ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை வருடம் இருப்பார், இதயம் எப்போது களைத்துப்போகும் என்ற எல்லாக் கணக்கும் மாறிவிடுகிறது. இது இன்று எல்லா டாக்டர்களுக்கும் தெரிந்த விஷயம்.

அப்படியானால் சர்க்கரையைக் குறைத்துவிட்டால் இதயம் பிழைத்துவிடும், இல்லையா? இரண்டும் இரண்டும் நாலு என்பது போல இருக்கிறது. மருத்துவ உலகம் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்க ஐம்பது வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. விடை நாலாக வரவே இல்லை. இடையில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரை போன ஒரு வழக்கு, சுமார் 300 கோடி டாலர் விற்ற ஒரு மாத்திரையின் வீழ்ச்சி, ஆப்பிள் மரத்துப் பட்டை எனப் பல விஷயங்கள் வருகின்றன. கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்தே ஆரம்பிக்கலாம்.

1922 ஜனவரியில் கனடாவின் டொரான்டோ நகரில் லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முன் சர்க்கரை நோயாளிகள் பெரும்பாலும் கோமாவில்தான் இறந்தார்கள். பாஸ்டனில் எலியட் ஜாஸ்லின் என்ற டாக்டர், தன்னிடம் வந்த நோயாளிகளின் விவரங்களைக் கடைக் கணக்குப் போலப் பேரேட்டில் எழுதி வைத்திருந்தார். யார் வந்தார், எத்தனை வருடம் இருந்தார், எதனால் இறந்தார் என்று வரிசையாக. இன்சுலினுக்கு முந்தைய காலத்தில் அவருடைய நோயாளிகளின் மரணங்களில் பத்துக்கு ஆறுக்கு மேல் கோமா. 1950களுக்கு வரும்போது கோமா பெயரளவுக்குச் சுருங்கிவிட்டது. இறப்புகளில் முக்கால்வாசி இரத்தக் குழாய் சம்பந்தப்பட்டவை. அதிலும் பெரும்பங்கு இதயம்.

அதாவது இன்சுலின் நோயாளியைக் காப்பாற்றியது. காப்பாற்றப்பட்டவர் இருபது முப்பது வருடம் கழித்து மாரடைப்பில் போனார். இளம் வயதிலேயே இறந்துவிடும் நோயில் இதயம் கெட்டுப்போக நேரமே இருந்ததில்லை. ஆயுள் கூடிய பிறகுதான் இரண்டாவது வில்லன் மேடைக்கு வந்தான்.

இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தது ஃப்ராமிங்ஹாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள சிறிய ஊர் அது. 1948இல் அங்கே 5,209 ஆண்களையும் பெண்களையும் பதிவு செய்துகொண்டு, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பரிசோதித்து, யாருக்கு இதய நோய் வருகிறது என்று காத்திருந்தார்கள். இன்று சாதாரணமாகச் சொல்கிற 'ரிஸ்க் ஃபேக்டர்' என்ற சொல்லைப் பிரபலமாக்கியதே இந்த ஆய்வுதான். வில்லியம் கேனலும் அவருடைய சகாக்களும் 1974இல் வெளியிட்ட கணக்கின்படி, சர்க்கரை உள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. பெண்களுக்கு ஐந்து மடங்கு! பொதுவாக மாதவிடாய் நிற்கும் வரை பெண்களுக்கு இதய நோயிலிருந்து ஒரு பாதுகாப்பு உண்டு என்பார்கள். சர்க்கரை வந்தால் அந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி போய்விடுகிறது. 1974இல் இது தெரிந்திருந்தும் 'ஹார்ட் அட்டாக் ஆண்களுக்கு வருவது' என்ற எண்ணம் பிறகு எத்தனை வருடம் ஓடியது என்பதை யோசித்தால் வருத்தமாக இருக்கிறது.

சர்க்கரை ஏன் இதயத்தைப் பிடிக்கிறது? சுருக்கமாகச் சொன்னால், இரத்தக் குழாயின் உள்சுவர் கெடுகிறது, கொழுப்புப் படிவது வேகமாகிறது, இரத்தம் எளிதில் உறைகிறது. ஒரே இடத்தில் அடைக்காமல் குழாய் நெடுகிலும் அடைப்பதால் சரிசெய்வதும் கடினம். இவற்றைவிட மோசமானது, நரம்புகள் மரத்துப்போவதால் மாரடைப்பு வரும்போது வலி தெரியாமல் போவது. கொஞ்சம் வியர்த்தது, வாயுத் தொல்லை என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தவர்கள் உண்டு. நேரம் போனால் இதயத் தசையும் போகும். ஆஸ்பத்திரிக்கு வரும் முன்பே பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது.

இனி அந்தக் கூட்டல் கணக்குக்கு வருவோம்.

1950களில் ஊசி இல்லாமல் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகள் வந்தன. டோல்புட்டமைட் அவற்றில் பிரபலமானது. லட்சக்கணக்கானவர்கள் விழுங்கினார்கள், டாக்டர்களும் நம்பி எழுதினார்கள். இந்த மாத்திரையால் இதயமும் மற்ற உறுப்புகளும் உண்மையிலேயே காப்பாற்றப்படுகின்றனவா என்று பார்க்க அமெரிக்காவில் 1961இல் ஓர் ஆய்வு தொடங்கியது. யு.ஜி.டி.பி. என்று பெயர். 12 மருத்துவ மையங்கள், ஆயிரம் பேருக்குச் சற்று அதிகமான நோயாளிகள். சிலருக்கு டோல்புட்டமைட், சிலருக்கு இன்சுலின், சிலருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எந்த மாத்திரை என்பது டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது.

எட்டு வருடம் கழித்துக் கணக்கைப் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. மாவு மாத்திரை சாப்பிட்ட 205 பேரில் இதயம், இரத்தக் குழாய் காரணமாக இறந்தவர்கள் 10 பேர். டோல்புட்டமைட் சாப்பிட்ட 204 பேரில் 26 பேர்! இன்சுலின் போட்டவர்களும் இந்த விஷயத்தில் மாவு மாத்திரைக்காரர்களைவிடப் பெரிதாக ஒன்றும் மேலாக இல்லை. 1969இல் ஆய்வில் டோல்புட்டமைட் நிறுத்தப்பட்டது. 1970இல் இந்த முடிவு மருத்துவ இதழில் வருவதற்கு முன்பே செய்தித்தாள்களில் கசிந்துவிட்டது. காலையில் பேப்பரைப் படித்த நோயாளிகள் டாக்டருக்குப் போன் போட, டாக்டர்களுக்கே விஷயம் தெரியாது.

அடுத்து நடந்தது சண்டை. சர்க்கரை மருத்துவத்தில் பெரிய பெயர்களே ஆய்வை எதிர்த்தார்கள். டோல்புட்டமைட் பிரிவில் ஆரம்பத்திலேயே இதய நோய் உள்ளவர்கள் அதிகம் சேர்ந்துவிட்டார்கள், எல்லோருக்கும் ஒரே டோஸ் கொடுத்தது தவறு என்றார்கள். குறைகளில் கொஞ்சம் நியாயமும் உண்டு. டாக்டர்களின் குழு ஒன்று ஆய்வின் மூலத் தகவல்களைக் காட்டு என்று கோர்ட்டுக்குப் போயிற்று. ஃபோர்ஷம் எதிர் ஹாரிஸ் என்ற பெயரில் அந்த வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரை சென்று, அரசுப் பணத்தில் நடந்தாலும் அவை அரசு ஆவணங்கள் ஆகா என்று 1980இல் தீர்ப்பானது. அந்த வகை மாத்திரைகளின் உறையில் இதய ஆபத்து பற்றிய எச்சரிக்கை ஏறியது 1984இல்தான். செய்தி வெளியான பிறகு பதினான்கு வருடம்.

டோல்புட்டமைட் உண்மையிலேயே கொன்றதா என்பதில் இன்றுவரை எல்லோருக்கும் ஒரே கருத்து இல்லை. ஆனால் யு.ஜி.டி.பி. கேட்ட கேள்விதான் முக்கியம். லேப் ரிப்போர்ட்டில் நம்பர் அழகாக வருவதும் ஆள் உயிரோடு இருப்பதும் ஒன்றா? காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. விற்பனைக் கணக்கு அமோகமாக இருக்கும் கம்பெனியே கையில் காசில்லாமல் திவாலாவதைப் பாடத்தில் படிக்கிறார்களே!

இதே காலகட்டத்தில் நோயைப் பற்றிய புரிதலும் மாறிக்கொண்டிருந்தது. சர்க்கரை நோய் என்றால் இன்சுலின் பற்றாக்குறை என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1960இல் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் இரத்தத்தில் இன்சுலினை அளக்கும் முறையை வெளியிட்டார்கள். நடுவயதில் சர்க்கரை வந்த பலருக்கு இன்சுலின் குறைவாக இல்லை, அதிகமாகவே இருந்தது! இன்சுலின் இருக்கிறது, உடம்புதான் அதன் பேச்சைக் கேட்பதில்லை.

இந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனவர் ஸ்டான்ஃபோர்டின் ஜெரால்ட் ரீவன். 1988இல் ஆற்றிய ஓர் உரையில் அவர் சொன்னது இதுதான்: இரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு கொழுப்பு அதிகம், நல்ல கொழுப்பு குறைவு, சர்க்கரை என இவை தனித்தனி நோய்கள் போலத் தெரிந்தாலும் ஒரே வேரிலிருந்து வரும் கிளைகள். வேர், இன்சுலினை உடம்பு மதிக்காமல் போவது. இவை சேர்ந்து வரும்போது இதய நோய் பின்னாலேயே வரும். அவர் இதற்குச் 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயர் வைத்தார். (ஸ்வீடனின் கைலின் 1923லேயே அழுத்தம், சர்க்கரை, யூரிக் அமிலம் மூன்றும் சேர்ந்து வருவதை எழுதியிருக்கிறார். 1947இல் பிரான்சின் ழான் வாக், வயிற்றிலும் மேலுடம்பிலும் சேரும் கொழுப்புதான் ஆபத்து என்றார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.) பின்னாளில் இதுவே 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' ஆகி, 2001இல் அமெரிக்கர்கள் இடுப்புச் சுற்றளவையும் சேர்த்து ஐந்துக்கு மூன்று இருந்தால் நோய் என்று விதி வகுத்தார்கள். 2005இல் வேறொரு விதி வந்தது. அதே 2005இல் அமெரிக்க, ஐரோப்பிய சர்க்கரை நோய் அமைப்புகள், இப்படி ஒரு பெயர் சூட்டுவதால் தனித்தனியாக வைத்தியம் பார்ப்பதைவிட என்ன லாபம் என்று கேட்டன. வேடிக்கை என்னவென்றால், ரீவனே அந்தப் பெயருக்கு நோய் என்ற அந்தஸ்து கொடுப்பதை ஏற்கவில்லை.

பெயர்ச் சண்டை கிடக்கட்டும். இந்தியர்களுக்கு இதில் நேரடிச் சம்பந்தம் உண்டு. மேற்கு லண்டனில் உள்ள சவுத்தால் பகுதியில் நடந்த ஓர் ஆய்வை 1991இல் மெக்கெய்க், ஷா, மார்மட் மூவரும் வெளியிட்டார்கள். தெற்காசியர்களில் 19 சதவீதம் பேருக்குச் சர்க்கரை, ஐரோப்பியர்களில் 4 சதவீதம். எடை அதிகமாக இல்லாதவர்களுக்கும் தொப்பை. பிரிட்டனில் குடியேறிய தெற்காசியர்கள் மற்றவர்களைவிட அதிகமாக இதய நோயில் இறந்துகொண்டிருந்ததற்கு ஒரு முக்கிய விளக்கம் அங்கே கிடைத்தது. சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை இல்லாதவர்களில் சுமார் 9 சதவீதம் பேருக்கு இதயக் குழாய் நோய் இருந்தது. சர்க்கரை உள்ளவர்களில் 21 சதவீதம். இதனால்தான் 2005 விதியில் தெற்காசிய ஆண்களுக்கு இடுப்பளவு வரம்பு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்று தனியாகக் குறைத்து வைத்தார்கள். அமெரிக்க விதியில் ஆண்களுக்கு 102. 'ஆள் ஒல்லிதான், தொப்பை மட்டும் கொஞ்சம்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஏற்கனவே இதய நோய் உள்ளவர்களிடம் சர்க்கரை என்ன செய்கிறது என்பதை முகத்தில் அறைந்தாற்போலக் காட்டியது ஒரு ஃபின்லாந்து ஆய்வு. 1998இல் ஹாஃப்னர் வெளியிட்டது. ஏழு வருடத்தில் மாரடைப்பு வந்தவர்களின் கணக்கு: சர்க்கரையும் இல்லை, பழைய மாரடைப்பும் இல்லை என்றால் 3.5 சதவீதம். சர்க்கரை இல்லாமல் பழைய மாரடைப்பு மட்டும் இருந்தால் 18.8. சர்க்கரை மட்டும் இருந்து மாரடைப்பே வராதவர்களுக்கு 20.2. இரண்டும் இருந்தால் 45. சர்க்கரை வந்தாலே ஒரு மாரடைப்பு வந்து முடிந்த மாதிரி என்ற பேச்சு இதிலிருந்து பிறந்ததுதான். (அது கொஞ்சம் மிகை என்று பின்னால் வந்த பெரிய கணக்குகள் காட்டின. ஆனால் அந்த 45ஐ யாரும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.)

சிகிச்சை முறையே மாற வேண்டியிருந்தது. 1980களில் பலூன் ஆஞ்சியோபிளாஸ்டி நெஞ்சைத் திறக்காத அதிசயம். பைபாஸ் நல்லதா, பலூன் நல்லதா என்று 1,829 பேரை வைத்துப் பார்த்த 'பாரி' என்ற ஆய்வில் மொத்தமாகப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். ஆனால் மருந்து எடுத்துக்கொண்டிருந்த 353 சர்க்கரை நோயாளிகளைத் தனியே பிரித்ததும் படம் மாறியது. ஐந்து வருடம் கழித்து பைபாஸ் செய்தவர்களில் 80.6 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். பலூன் வைத்தவர்களில் 65.5. ஆய்வுக் கட்டுரைகள் முறைப்படி வெளியாகும் வரை காத்திராமல் 1995 செப்டம்பரில் அமெரிக்க அரசின் இதய ஆராய்ச்சி நிறுவனம் டாக்டர்களுக்கு அவசர அறிவிப்பு அனுப்பியது. பிறகு மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது, இனிப் பிரச்சினை இல்லை என்றார்கள். 2012இல் வெளியான 'ஃப்ரீடம்' ஆய்வில் பல குழாய்களில் அடைப்புள்ள 1,900 சர்க்கரை நோயாளிகளில், ஐந்து வருடத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 16.3 சதவீதமும் பைபாஸ் செய்தவர்களில் 10.9 சதவீதமும் இறந்திருந்தார்கள். பக்கவாதம் மட்டும் பைபாஸில் அதிகம். பல குழாய்களில் அடைப்புள்ள சர்க்கரை நோயாளியிடம் டாக்டர் பைபாஸ் என்றால், காசுக்காகத்தான் சொல்கிறார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அதற்குப் பின்னால் இவ்வளவு எண்ணிக்கை இருக்கிறது.

சரி, சர்க்கரையைக் குறைத்தால்? 1998இல் பிரிட்டனின் பெரிய ஆய்வான யு.கே.பி.டி.எஸ். முடிவு வந்தது. கண், கிட்னி போன்ற சிறு குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. மாரடைப்பு 16 சதவீதம் குறைந்தது போலத் தெரிந்தது, ஆனால் புள்ளியியல் பாஸ் மார்க்கை மயிரிழையில் தவறவிட்டது. இன்னும் கடுமையாகக் குறைத்திருந்தால் ஜெயித்திருக்கலாமோ? அதற்காகவே அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேருடன் 'அக்கார்ட்' தொடங்கியது. ஏ1சி எனப்படும் மூன்று மாதச் சராசரியை ஒரு பிரிவில் 6க்குக் கீழே இறக்குவது, இன்னொன்றில் 7க்கும் 8க்கும் இடையில் விடுவது. 2008 பிப்ரவரியில் பாதியிலேயே நிறுத்தினார்கள். கடுமையாகக் குறைத்த பிரிவில் 257 மரணம், மற்றதில் 203.

(இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது! சர்க்கரையை விட்டுவிட்டால் கண்ணும் கிட்னியும் போவது நிச்சயம். பிரிட்டன் நோயாளிகளைப் பத்து வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தபோது, ஆரம்பத்திலேயே கட்டுப்பாட்டில் வைத்தவர்களுக்கு மாரடைப்பும் குறைந்திருந்தது. வருடக்கணக்காக நோய் முற்றி, இதயமும் கெட்டவரிடம் அடித்துப்பிடித்து இறக்குவதுதான் வினையானது.)

டென்மார்க்கில் ஸ்டெனோ-2 என்று ஒரு சின்ன ஆய்வு. 160 பேர்தான். ஒரு பாதிக்கு வழக்கமான வைத்தியம். மறு பாதிக்குச் சர்க்கரை, அழுத்தம், கொலஸ்டிரால், சாப்பாடு, நடை எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்தார்கள். பதிமூன்று வருடம் கழித்து முதல் 80 பேரில் 40 பேர் இறந்திருந்தார்கள், இரண்டாவது 80 பேரில் 24 பேர். பல கிளைகள் கொண்ட நோயை ஒரு கிளையை மட்டும் வெட்டிச் சாய்க்க முடியாது என்று ரீவன் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம்.

அக்கார்ட் நிறுத்தப்படுவதற்கு ஒன்பது மாதம் முன்னால், 2007 மே மாதம், ஸ்டீவன் நிஸன் என்ற இதய நிபுணர் 42 ஆய்வுகளின் தகவல்களைத் திரட்டி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவாண்டியா என்ற பெயரில் விற்ற ரோசிக்ளிட்டசோன் மாத்திரை மாரடைப்பு வாய்ப்பை 43 சதவீதம் கூட்டுகிறது என்பது அதன் சாரம். மாத்திரை சர்க்கரையை நன்றாகவே குறைத்தது. சந்தைக்கு வந்தது 1999இல், வருட விற்பனை சுமார் 300 கோடி டாலர். கட்டுரைக்குப் பிறகு சரசரவென்று இறங்கியது. 2010இல் ஐரோப்பா நிறுத்தியது, இந்தியா தடை செய்தது, அமெரிக்கா கட்டுப்பாடு விதித்தது. நிஸனின் கணக்கு சற்று மிகை என்று பின்னர் அமெரிக்கா 2013இல் கட்டுப்பாட்டைத் தளர்த்தினாலும் அந்த மாத்திரை பழையபடி எழவில்லை.

சூடுபட்ட அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008 டிசம்பரில் புது நிபந்தனை போட்டது. இனி எந்தச் சர்க்கரை மருந்தும் சர்க்கரையைக் குறைத்தால் மட்டும் போதாது, இதயத்துக்குக் கேடு செய்யவில்லை என்றும் ஆயிரக்கணக்கானவர்களிடம் நிரூபிக்க வேண்டும். 1970இல் கேட்ட கேள்வி சட்டமானது 38 வருடம் கழித்து. இவ்வளவு செலவு செய்தால் புது மருந்தே வராது என்ற புலம்பலும் எழுந்தது. முதலில் வந்த முடிவுகளும் அந்தப் புலம்பலுக்கு ஏற்பவே இருந்தன. 2013இல் இரண்டு மருந்துகள் மாரடைப்பைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அதில் ஒன்று இதயச் செயலிழப்பைக் கூட்டியது வேறு.

2015 செப்டம்பரில் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் எம்பாக்ளிஃப்ளோசின் முடிவு வாசிக்கப்பட்டது. இதய நோயும் சர்க்கரையும் சேர்ந்திருந்த 7,020 பேர். இதயத்தால் வரும் மரணம் 38 சதவீதம் குறைவு. எந்தக் காரணத்தாலும் வரும் மரணம் 32 சதவீதம் குறைவு. இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது 35 சதவீதம் குறைவு. கெடுதல் இல்லை என்று காட்டச் செய்த ஆய்வு, உயிர் காக்கிறது என்று காட்டிவிட்டது.

இந்த மருந்தின் பூர்வீகம் ஆப்பிள் மரம். 1835இல் ஆப்பிள் மரப் பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை இறங்குவதை 1886இல் ஃபான் மெரிங் கண்டார். அதே குணத்தை மாத்திரையாக்கியதுதான் எம்பாக்ளிஃப்ளோசினும் அதன் உறவுகளும். சிறுநீரில் சர்க்கரை போவதைத்தான் காலம் காலமாக நோயின் அடையாளம் என்றார்கள், மதுமேகம் என்று பெயரே வைத்தார்கள். இப்போது அதைக் கிட்னி வழியாக வேண்டுமென்றே வெளியேற்றுவது வைத்தியம்!

ஆனால் அந்த ஆய்வில் இரண்டு பிரிவினருக்கும் சர்க்கரை அளவில் இருந்த வித்தியாசம் மிகச் சிறியது. சர்க்கரை குறைந்ததால் இதயம் பிழைக்கவில்லை. உப்பும் நீரும் வெளியேறுவது, கிட்னிக்குச் சுமை குறைவது என வேறு வழிகளில்தான் பிழைத்தது. 2019இல் இதே இனத்தைச் சேர்ந்த டபாக்ளிஃப்ளோசினை இதயச் செயலிழப்பு உள்ள 4,744 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோயே கிடையாது. அவர்களுக்கும் அதே பலன். சர்க்கரை மாத்திரை இதய மாத்திரையாகிவிட்டது. 2023இல் அமெரிக்க இதய சங்கம் இதயம், கிட்னி, வளர்சிதை மாற்றம் மூன்றையும் சேர்த்து ஒரே நோய்க்குறியாகப் பெயர் சூட்டியதில் ரீவனின் பழைய மரம் புதுக் கிளையோடு திரும்பி வந்தது.

எம்பாக்ளிஃப்ளோசினின் முக்கியக் காப்புரிமை இந்தியாவில் 2025 மார்ச்சில் முடிந்தது. ஒரு மாத்திரை 60 ரூபாய் அளவில் விற்றுக்கொண்டிருந்தது. அந்த மாதமே பல இந்தியக் கம்பெனிகள் இறங்க, 10 ரூபாய்க்கும் கீழே கிடைக்கத் தொடங்கியது.